எங்களுக்கும் எடை தூக்கச் சொல்லிக்கொடுங்கள், டாக்டர்

ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

உங்கள் மருந்துச் சீட்டில் வரும் இரண்டு வரிகளை என்னால் இனியும் பேசாமல் வாங்கி மடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. "கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம்" என்பது ஒன்று. "நடைப்பயிற்சி செய்யவும்" என்பது இன்னொன்று. எலும்புத்திண்மை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போன எனக்கு இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வயது 57. எலும்பு எவ்வளவு திண்மையாக இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 1.9. எலும்புப்புரை என்று சொல்லப்படும் மைனஸ் 2.5 இன்னும் வரவில்லை, ஆனால் போகிற திசை அதுதான். கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, அப்புறம் இந்த இரண்டு வரி. எத்தனை கிலோவுக்கு மேல் கனம், எத்தனை நாளைக்குத் தூக்கக் கூடாது, ஏன் என்று கேட்டேன். "இந்த வயசுல எதுக்கும்மா ரிஸ்க்?" என்றார் டாக்டர். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டாகிவிட்டது.

தூக்குவதில் உள்ள ரிஸ்க் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தூக்காமலே இருப்பதில் உள்ள ரிஸ்க்கை நாங்கள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு அறுபதுகளின் நடுவில் மணிக்கட்டு முறிந்தது. நின்ற இடத்திலேயே தடுக்கி விழுந்து கையை ஊன்றியதில் வந்த முறிவு. மாவுக்கட்டு போட்டார்கள், எலும்பு கூடியது, கட்டைப் பிரித்தார்கள். பிரித்த அன்று டாக்டர் என் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதீங்க. எதையும் தூக்க வேண்டாம். நல்லா பாத்துக்கோங்க." அம்மா அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சொன்னால் வீட்டில் அது சட்டம். கையில் வாளியைப் பார்த்தால் ஓடிப்போய் வாங்கிவிடுவோம். மாடிக்குப் போக வேண்டாம் என்று கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டோம். குனியாதீங்க, எட்டி எடுக்காதீங்க, உட்காருங்க. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவர் நாற்காலியிலிருந்து எழுகிற விதம் மாறியது. இரண்டு உள்ளங்கையையும் கைப்பிடியில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னுமாக ஆட்டி, அந்த வேகத்தில் எழுவார். கொஞ்ச நாள் கழித்து சோபா தாழ்வாக இருக்கிறது என்று ஒரு மெத்தையைக் கூடுதலாகப் போட்டோம். அடுத்து கழிவறைச் சுவரில் ஒரு கம்பி. தொடையில் பலம் போகப்போக நாங்கள் வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருந்தோம். இடையில் எத்தனையோ முறை செக்கப்புக்கும் போனோம். பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். "கை ஊன்றாமல் எழுந்திருங்க, பார்க்கலாம்" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

இரவில் கட்டில் அருகே திரும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா வாக்கர் இல்லாமல் நடந்ததே கிடையாது. "எலும்பு ரொம்ப வீக்கா இருந்திருக்கு" என்றார்கள். சரி. அந்த எலும்பைத் தாங்க வேண்டிய தசை என்ன ஆயிற்று என்று யாரும் பேசவில்லை.

ஒருமுறை இப்படி எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதும் தெரியும். அப்படியானால் மணிக்கட்டு முறிந்த அன்றே கால்களுக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றும் வேலை ஆரம்பித்திருக்க வேண்டாமா? அங்கே எழுதிக் கொடுக்கப்பட்டது ஓய்வு.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது, எலும்பைக் கரைக்கும் செல்களின் கை ஓங்கிவிடுகிறது. அதை ஒட்டிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்புத்திண்மையில் 20 சதவீதம் வரை போய்விடலாம். தசை அதற்கும் முன்பே, முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்று கரையத் தொடங்கி, அறுபதுக்குப் பின் இன்னும் வேகமாகப் போகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் திருப்பிப் பிடிக்கிற வழி ஒன்று உண்டு: உடம்புக்குப் பழகிய கனத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான கனத்தை, முறையாக, படிப்படியாகக் கொடுப்பது. எலும்பு உயிருள்ள திசு. அதன்மீது விழும் பாரம் வழக்கத்தைவிடக் கூடினால்தான் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். தினமும் அதே எடை, அதே அசைவு என்றால் அது கண்டுகொள்ளாது.

வீட்டுவேலை ஏன் போதாது என்பதற்கும் பதில் இதுதான். "நாள் முழுக்க வீட்ல ஓடியாடி வேலை செய்றீங்களே, அதுவே எக்ஸர்சைஸ்தானே" என்று உங்களில் பலர் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். முப்பது வருடமாக அதே வாளி, அதே படிக்கட்டு, அதே தரை. அதில் கிடைப்பது களைப்பு, சில சமயம் இடுப்பு வலி. பலம் கூடுவதற்கு அதில் வழியே இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன். கனம் தூக்காதே என்று எழுதிக் கொடுத்தீர்களே, வீட்டில் எந்தக் கனம் எங்களை விட்டுவைத்தது? தூக்கச் சொல்லி அடம்பிடிக்கிற பேரக்குழந்தை பத்துப் பன்னிரண்டு கிலோ. படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் புரட்டிப் போடுவது இன்னும் அதிகம். எப்படியும் தூக்கத்தான் போகிறோம். சரியாகத் தூக்கக் கற்றுக்கொண்டு தூக்குவதா, முதுகை வளைத்து எப்படியோ தூக்குவதா என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது.

நடையை நான் குறை சொல்லவில்லை. சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. 7,500 அடிக்கு மேல் பெரிய கூடுதல் பலன் தெரியவில்லை. (பத்தாயிரம் அடி என்கிற கணக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து கிளம்பியது. அதை எட்ட முடியவில்லை என்று மனம் நொந்து நடையையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.) இதயத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு, மனசுக்கு நடை நல்லது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களின் முதுகெலும்புத் திண்மையை நடை மட்டும் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மேல் உடம்புக்கு அது ஒன்றும் செய்வதில்லை. சீட்டில் நடையோடு நிறுத்துவது பாதி மருந்தை எழுதாமல் விடுவதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உங்களுக்குத் தெரியாததல்ல. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு; அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலப் பயிற்சி; 65 வயதுக்கு மேல் கூடுதலாக, வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் முக்கியத்துவம் தரும் பயிற்சி. இதில் முதல் வரி மட்டும்தான் எங்களிடம் வந்து சேருகிறது.

"எலும்பு மெலிந்தவர்கள் கனம் தூக்கினால் முறிந்துவிடாதா?" நியாயமான பயம். அதைத்தான் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். லிஃப்ட்மோர் என்ற அந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. எலும்புத்திண்மை குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம், பயிற்றுநர் கண்காணிப்பில் பயிற்சி. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்குவது, குதித்து இறங்குவது. கொடுத்ததும் சின்ன டம்பெல் இல்லை. மெதுவாக ஏற்றி, அவரவரால் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதத்துக்கும் மேல். மற்றவர்கள் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். முடிவில் கனம் தூக்கியவர்களின் கீழ் முதுகெலும்புத் திண்மை 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. கனம் தூக்கிய குழுவில் நடந்த ஒரே அசம்பாவிதம், ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு. எலும்பு முறிவு ஒன்றுகூட இல்லை.

வயதாகிவிட்டது என்பீர்களானால் 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் நடந்ததைப் பாருங்கள். 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான காற்பலப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் காற்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆய்வு வெளியாகி முப்பத்தைந்து வருடமாகியும் என்னிடம் "இந்த வயசுல எதுக்கும்மா" என்கிறீர்கள்.

நானாகத் தேடி ஒரு பிசியோதெரபிஸ்டைப் பிடித்தேன். அவர் முதலில் கையில் எடையே கொடுக்கவில்லை. ஒரு நீளக் குச்சியை முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பின்மண்டை, மேல்முதுகு, பிட்டத்துக்கு மேல் உள்ள எலும்பு, மூன்று இடத்திலும் குச்சி தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். எனக்குக் குச்சி ஒவ்வொரு முறையும் முதுகை விட்டு விலகியது. அதாவது இவ்வளவு காலமும் தரையிலிருந்து எதை எடுத்தாலும் முதுகெலும்பை வளைத்துத்தான் எடுத்திருக்கிறேன், யாரும் பார்த்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. குச்சி விலகாமல் குனிய வந்தபிறகுதான் எடை வந்தது. இப்போது தரையிலிருந்து 30 கிலோ எடுக்கிறேன். அடுத்த ஸ்கேன் என்ன சொல்லும் என்பது அப்போது தெரியட்டும். மாடிப்படியில் கைப்பிடி தேடுவது நின்றுவிட்டது, அது இப்போதே தெரிகிறது.

மூட்டுவலிக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்கிற வாசகம் ஒன்றுண்டு: "மூட்டு தேஞ்சு போச்சு, வண்டி டயர் மாதிரி. இனிமே பாத்து நடங்க." இந்த உவமையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு வருகிறவர், ஒவ்வோர் அடியிலும் இன்னும் கொஞ்சம் தேய்கிறது என்று எண்ணிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து, பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவம் வழியாக அதற்கு ஊட்டம் போகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சைகளில் ஒன்றாக உடற்பயிற்சியைச் சொல்லாத முக்கிய வழிகாட்டுதல் எதுவும் இன்று இல்லை. தொடைத்தசை பலமானால் வலி குறைகிறது.

எடை குறைக்கச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வெயிட்டைக் குறைங்க" என்கிறீர்கள், எதைக் குறைப்பது என்று சொல்வதில்லை. சாப்பாட்டை மட்டும் குறைத்து இறக்கிய எடையில் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து போகிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடமே தசைதான். அதைக் கரைத்துவிட்டுத் தராசில் எண்ணைக் குறைத்து என்ன பயன்? அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளிவந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடலுழைப்பும் அளவான எடைக்குறைப்பும் சேர்ந்து, நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தன. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் இன்னும் நன்றாக, 71 சதவீதம் வரை வேலை செய்தது. இப்படி ஒரு மாத்திரை இருந்திருந்தால் அதன் பெயரும் அளவும் வேளையும் சீட்டில் வந்திருக்கும்.

இப்போது, உங்கள் அறையில் யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் உடற்பயிற்சியை விடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். குதித்தால், ஓடினால், இருமினால், பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசிகிறது. அதனால் விடுகிறோம். ஒரு பயிற்சி வகுப்பில் குதிக்கச் சொன்னதும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஓரமாக ஒதுங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். வெளியே போகும்முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, கறுப்பு உடை மட்டும் போடுவது, கழிவறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைப்பது என்று எங்களுக்குள் நூறு ஏற்பாடு. நாங்களாகச் சொல்ல மாட்டோம். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று எங்கள் அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். மகனோ கணவனோ பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது?

இதற்கும் தசைதான் மருந்து. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-லேயே எழுதி வைத்தார். இருமும்போதும் குதிக்கும்போதும் வயிற்றில் ஏறும் அழுத்தத்தால் வரும் கசிவுக்கு இன்றைக்கும் முதல் சிகிச்சை அதுதான்: ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இறுக்கித் தளர்த்துவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். செலவில்லை, கருவி இல்லை. ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று யாராவது ஒருமுறை பரிசோதித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதற்குப் பதிலாக வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டிருப்பார்கள். "இருமும்போது கசிவு இருக்கா?" என்று கேட்க உங்களுக்கு அரை நிமிடம் போதும். அந்தக் கேள்வி கேட்கப்படாததால் பத்து வருடம் வீட்டோடு முடங்கிய பெண்கள் இருக்கிறார்கள்.

பெண் உடம்பு தாங்காது என்று முடிவுகட்டுவது உங்கள் துறைக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்ததும், இது அவர்களுக்கு ஆகாது என்று பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல்தான் திரும்ப வந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் கிடைக்க 1984 வரை ஆயிற்று. அங்கே ஆதாரம் வந்ததும் மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. உடற்பயிற்சி சர்வரோக நிவாரணி இல்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் தகிப்பை அது போக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது, அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நம்பவும் வேண்டாம். எலும்புப்புரை மருந்து தேவைப்படுகிறவருக்கு அதற்குப் பதிலாகப் பயிற்சி என்றும் நான் சொல்லவில்லை. முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர், நெஞ்சுவலி உள்ளவர் எல்லோரும் ஒரே மாதிரி தூக்க முடியாது. அதைப் பிரித்துப் பார்த்துச் சொல்லத்தானே உங்களிடம் வருகிறோம்? எல்லோருக்கும் ஒரே தடையுத்தரவு போடுவதற்கு மருத்துவப் படிப்பு எதற்கு? வெளியே ஐம்பது பேர் காத்திருக்க, ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் உங்களால் தர முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்குவதை மட்டும் கேட்கிறேன்.

கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியை உங்கள் அறையில் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே, 70 முதல் 74 என்றால் 10-க்குக் கீழே, 80 முதல் 84 என்றால் 9-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து உண்டு. அந்த எண்ணைப் பிரஷருக்குப் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது ஒப்பிடுங்கள்.

பயிற்சியை மருந்து மாதிரி எழுதுங்கள்: என்ன பயிற்சி, வாரம் எத்தனை நாள், எவ்வளவு கனத்தில் ஆரம்பிக்க, எப்போது கூட்ட, யாரிடம் கற்றுக்கொள்ள. உங்களுக்கு நேரமில்லை என்றால் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். முறிந்தபிறகு அனுப்புகிறீர்கள், முறியும் முன்பே அனுப்புங்கள். மணிக்கட்டு முறிந்து வரும் ஐம்பது வயதுப் பெண்ணை மாவுக்கட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். எலும்புத்திண்மையைச் சோதியுங்கள், கட்டு கையில் இருக்கும்போதே காலுக்குப் பயிற்சியை ஆரம்பித்து வையுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது.

சிறுநீர்க் கசிவைப் பற்றி நீங்களே கேளுங்கள், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மற்றதைச் சொல்லும்போதும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், எங்கள் மகன்களைப் பார்த்து அல்ல.

மருத்துவச் சங்கங்களையும் பாடத்திட்டம் வகுப்பவர்களையும் கேட்டுக்கொள்வது: பலப் பயிற்சியை எப்படி எழுதிக் கொடுப்பது என்பதை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், படித்து முடித்தவர்களுக்கும் ஒரு பயிற்சி வையுங்கள்.

"கனம் தூக்க வேண்டாம்" என்று எழுதியே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரும், அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்போது எத்தனை கிலோவுக்கு மேல், எந்தத் தேதி வரை, என்ன காரணத்துக்காக என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தேதி முடிந்ததும் எங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள்.